லெட்ஜர் போனது, வேலை எங்கே போனது?

"மகள் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள். வங்கித் தேர்வுக்கும் தயாராகிறாள். இன்னும் பத்து வருடத்தில் ஏஐ வந்து எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும், வங்கியில் ஆளே இருக்காது, இதற்குப் போய் வயதை வீணாக்காதே என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் புத்தகத்தையே தொடவில்லை. தொழில்நுட்பம் வளர வளர வேலைகளெல்லாம் என்ன ஆகும்? நான் அவளுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 1979-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். 2018-இல் மேலாளராக ஓய்வு பெற்றேன். பத்து வருடம் கழித்து என்ன நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சொந்தக்காரர் இன்று சொன்னதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதே வார்த்தைகளில், அதே வங்கியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அப்போது "கம்ப்யூட்டர்" என்றார்கள், இப்போது "ஏஐ" என்கிறார்கள். அந்த முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. நாங்கள் பயந்ததும் நடக்கவில்லை, எங்களுக்குச் சொன்ன ஆறுதலும் முழுதாகப் பலிக்கவில்லை. நடந்தது வேறு ஒன்று. அதைச் சொன்னால் உங்கள் மகள் விஷயத்தில் முடிவெடுக்க உதவும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கிளார்க் வேலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். சேமிப்புக் கணக்குகளை எழுதிவைக்கும் பேரேடான லெட்ஜர் ஒவ்வொன்றும் இரண்டு கையால் தூக்க வேண்டிய கனம். வாடிக்கையாளர் பணம் எடுக்க வந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்போம். லெட்ஜரைத் திறந்து, இருப்பைப் பார்த்து, கையெழுத்தை ஒப்பிட்டு, பற்று எழுதி, புது இருப்பைப் போட்டு அதிகாரியிடம் அனுப்புவோம். அங்கிருந்து அது கேஷியருக்குப் போகும். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் வரைக்கும் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முக்கால் மணி நேரம் ஆனாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

வட்டி போடுவது தனி வேலை. அப்போது சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஒவ்வொரு கணக்கிலும் அந்தக் குறைந்த தொகையைக் கண்ணால் தேடிப் பிடித்துப் பென்சிலால் குறித்து, ஆறு மாதத்துக்கும் கூட்டி வட்டி போட வேண்டும். அரையாண்டு முடிவில் இரவு பத்து, பதினொன்று வரைக்கும் கிளையில் விளக்கு எரியும். ஏன் இப்படி ஒரு விதி? தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட மனிதக் கையால் முடியாது என்பதால்தான். கிளைகள் கணினிமயமான பிறகு, 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பத்தாம் தேதிக்கு மறுநாள் பணம் போட்ட ஏழைக்கு அந்த மாத வட்டி கிடைக்காமலே பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. ஒரு இயந்திரம் வந்ததால் அவருக்கு நியாயம் கிடைத்தது. தொழில்நுட்பத்தைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கடைசியில் பேலன்ஸிங். ஒரு லெட்ஜரில் இருக்கும் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் எழுதிக் கூட்டினால், அது கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 1982-இல் ஒருமுறை எனக்கு 270 ரூபாய் வித்தியாசம். இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் கிளையின் ஹெட் கிளார்க் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, ஒம்பதால வகுபடுதா பாரு" என்றார். வகுபட்டது. "அப்ப எங்கயோ ரெண்டு நம்பர் எடம் மாறியிருக்கு. முப்பது வருதுல்ல? நூறும் பத்தும் மாறியிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல மூணு வித்தியாசம் இருக்கும். அப்படி ஒரு தொகையத் தேடு" என்றார். கால் மணி நேரத்தில் கிடைத்தது. 630 என்று எழுத வேண்டிய இடத்தில் 360 என்று எழுதியிருந்தேன்.

அவர் ஒரு பக்கம் முழுக்க இருக்கும் தொகைகளை விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே கூட்டுவார். கால்குலேட்டரில் சரிபார்த்தால் ஒரு நாளும் தப்பாக இருந்ததில்லை. அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அவருடைய லெட்ஜரைத் திறந்து மற்ற கிளார்க்குகளுக்குக் காட்டுவார்கள். இவரைப் பற்றித் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு எதிரான போராட்டம் எங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960-களில் கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் கம்ப்யூட்டரைக் கட்டடத்துக்குள் இறக்கவிடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வங்கிகளில் 1983 செப்டம்பரில் ஊழியர் சங்கங்களுக்கும், வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் இடையே இயந்திரமயமாக்கல் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. இயந்திரம் வரலாம், ஆனால் அதைக் காரணம் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் உயிர். அதே காலத்தில் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, கிளைகளில் எப்படிப் படிப்படியாகக் கணினியைக் கொண்டுவருவது என்று 1984-இல் அறிக்கை கொடுத்தது. 1987-இல் அடுத்த ஒப்பந்தம். அப்புறம்தான் ஏஎல்பிஎம் என்று நாங்கள் சொன்ன லெட்ஜர் இயந்திரங்கள் பெரிய கிளைகளுக்கு வந்தன.

எங்கள் கிளைக்கு 1989-இல் வந்தது. அதற்கென்று ஒரு அறையை அடைத்து, குளிர்சாதனம் போட்டார்கள். கிளையிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே அறை அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் வைத்தோம். வாயிலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன், உள்ளே போய் உட்காரப் பெயர் கொடுத்தவர்களிலும் நான் ஒருவன். இயந்திரத்தில் உட்காருபவருக்குச் சிறப்புப் படி உண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. இப்போது நினைத்தாலும் அது தவறாகத் தெரியவில்லை. பயமும் ஆசையும் ஒரே மனதில் இருக்கத்தான் செய்யும்.

சரி, விளைவு என்ன? ஒரு கிளார்க்கைக்கூட வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டது. சங்கத்தில் நாங்கள் வெற்றி என்றே பேசிக்கொண்டோம். பல வருடம் கழித்துத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் கிளையில் 1987-இல் சேர்ந்த ஒருவரை "புதுப் பையன்" என்று கூப்பிடுவோம். 2005-இலும் அவர்தான் புதுப் பையன். தலை நரைத்துவிட்டது, மகள் கல்லூரிக்குப் போகிறாள், ஆனாலும் அவருக்குப் பின்னால் எங்கள் கிளைக்குப் புதிதாகக் கிளார்க் யாருமே வரவில்லை.

1969 ஜூலையில் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது நாட்டில் மொத்தம் 8,200 கிளைகளுக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தன. 1990 வாக்கில் அது அறுபதாயிரத்தை நெருங்கியது. அந்த இருபது வருடத்தில் பள்ளிக்கூட வாத்தியார் மகனும் சின்ன விவசாயி மகளும் வங்கிக்குள் வந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். அதன்பிறகு அந்த வாசல் மெல்லச் சாத்தப்பட்டது. கிளார்க்குகளை எடுக்கத் தேர்வு நடத்திக்கொண்டிருந்த வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் 2001-இல் மூடப்பட்டன. அதே சமயத்தில், 2000, 2001-இல், பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். போன இடங்களை உடனே நிரப்பவில்லை. இன்று உங்கள் மகள் எழுதப்போகும், பல பொதுத்துறை வங்கிகளுக்குச் சேர்த்து நடத்தும் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு 2011-இல்தான் தொடங்கியது.

என் அக்கா மகன் 1994-இல் பி.காம். முடித்தான். கெட்டிக்காரன். "மாமா மாதிரி பேங்குக்குப் போ" என்று எல்லோரும் சொன்னோம். தேர்வு அறிவிப்புக்காக நான்கு வருடம் காத்திருந்தான். அப்புறம் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலைக்குப் போனான். அவனுடைய வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டது என்று அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பான்? எந்தச் சங்கம் அவனுக்காகக் கொடி பிடிக்கும்? வேலை போனவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. வராத வேலைக்கு எதுவும் கிடையாது.

தொழில்நுட்பமும் வேலையும் என்று யார் பேசினாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அது அவ்வளவு சுலபமாக எழுப்பிவிடுவதில்லை. வாசலில் நிற்பவரைத்தான் முதலில் தொடுகிறது.

அடுத்து, "வங்கியில் ஆளே இருக்காது" என்ற பேச்சு. இது ஏடிஎம் காலத்திலிருந்தே இருக்கிறது. உலகின் முதல் ஏடிஎம் 1967 ஜூனில் லண்டன் பக்கத்தில் என்ஃபீல்டில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். இந்தியாவுக்கு அது 1987-இல், மும்பையில் எச்எஸ்பிசி வங்கி மூலமாக வந்தது. அமெரிக்காவில் ஏடிஎம் பரவியபோது நடந்ததை ஜேம்ஸ் பெஸ்ஸன் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். 1988-க்கும் 2004-க்கும் இடையில் நகரக் கிளை ஒன்றில் சராசரியாக 20 ஆக இருந்த கவுன்டர் ஊழியர் எண்ணிக்கை 13 ஆகக் குறைந்தது. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கிளை திறந்தன. மொத்தத்தில் ஆள் குறையவில்லை.

இந்தக் கதையைப் பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, பயமே வேண்டாம்" என்பார்கள். அது பாதிக் கதை. பிறகு கைபேசி வந்தது. கைபேசியில் பணம் அனுப்பத் தொடங்கியவர் கிளைக்கே வருவதில்லை. 2010-க்குப் பிறகு அங்கே கவுன்டர் ஊழியர் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகிறது. இரண்டுமே இயந்திரம்தான். ஏடிஎம் கிளையை மலிவாக்கியது, கைபேசி கிளையைத் தேவையில்லாமல் ஆக்கியது. ஒரு வேலையைப் பற்றிக் கவலை வந்தால் நான் இதைத்தான் கேட்டுப் பார்ப்பேன்: வந்திருக்கும் கருவி அந்த வேலையை மலிவாக்கி இன்னும் பலருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா, அல்லது அந்த வேலை எதற்காக இருந்ததோ அந்தத் தேவையையே எடுத்துவிடுமா?

நம் ஊரில் இரண்டும் நடந்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய யுபிஐ-யில் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைக்கு மேல் நடந்தது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி, ஒரு லெட்ஜர் திறந்து, ஒரு டோக்கன் கொடுக்க வேண்டும் என்றால் நாட்டில் இருக்கும் எல்லோரும் கிளார்க்காக இருந்தாலும் போதாது. இது யாரிடமிருந்தும் பறித்த வேலை இல்லை. இருந்திருக்கவே முடியாத வேலை. தள்ளுவண்டிக்காரர் பத்து ரூபாய்க்குப் பணம் வாங்குகிறார், அது அவர் கணக்கில் தடமாக நிற்கிறது, அதைக் காட்டிக் கடனும் கேட்க முடிகிறது. நான் சேர்ந்த காலத்தில் அவர் எங்கள் கிளைப் படியையே மிதித்திருக்க மாட்டார்.

ஆனால் புதிதாக வந்த வேலைகள் எங்கே போய் உட்கார்ந்தன என்று பாருங்கள். ஏடிஎம்மில் பணம் நிரப்புபவர், அதற்குக் காவல் இருந்தவர், பழுது பார்ப்பவர், ஊருக்குள் கைரேகைக் கருவியோடு உட்கார்ந்து பணம் கொடுக்கும் வங்கி முகவர், கடன் அட்டை விற்கத் தொலைபேசியில் கூப்பிடும் பெண் என்று எல்லோரும் வங்கி வேலைதான் செய்கிறார்கள், ஆனால் வங்கியின் ஊழியர்கள் இல்லை. என் சம்பளப் பட்டியலில் இருந்த ஓய்வூதியம், விடுப்பு, மருத்துவப் படி எதுவும் அவர்களுக்குக் கிடையாது. அந்தக் காவலாளி வேலையையும் பின்னால் கேமரா எடுத்துக்கொண்டது. என் கிளை ஏடிஎம் வாசலில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு, "நாளைலேர்ந்து வர வேண்டாம்னு கம்பெனில சொல்லிட்டாங்க" என்ற சேதி ஒரு நாள் சாயங்காலம் போனில் வந்தது. மறுநாள் காலையில் வந்து நாற்காலியை மட்டும் எடுத்துப்போனார். அது அவருடைய சொந்த நாற்காலி. 1983-இல் எங்களுக்காக மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருந்தது. அவருக்கு இல்லை. இயந்திரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பேரம் பேசும் பலத்தில்தான் வித்தியாசம்.

வங்கிக்குள் இருப்பவர்களின் வேலையும் மாறிவிட்டது. முன்பு கிளார்க்குகள்தான் பெரும்பான்மை, இன்று பொதுத்துறை வங்கிகளில் அதிகாரிகள் அவர்களைவிட அதிகம். 2024 ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு கிளார்க் என்ற பதவிப் பெயரே போய் "கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்" ஆகிவிட்டது. எழுதுகிற வேலை போனது, வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை நின்றது என்று அந்தப் பெயரே சொல்கிறது. 2023-24-இல் தனியார் வங்கிகளின் ஊழியர் எண்ணிக்கை பொதுத்துறை வங்கிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. ஆக, ஆளே இருக்காது என்பது இதுவரைக்கும் உண்மையாகவில்லை. ஆனால் அதே சமயத்தில் சில தனியார் வங்கிகளில் வருடத்துக்கு ஏறக்குறைய நாலில் ஒருவர் வேலையை விட்டுப் போனார் என்றது ரிசர்வ் வங்கியின் அறிக்கை. இலக்கு, இலக்கு என்று காப்பீடு விற்கவும் அட்டை விற்கவும் துரத்தப்படும் வேலை எத்தனை நாளைக்குத் தாங்கும்? வேலையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இனி ஏஐ. முந்தைய இயந்திரங்கள் எங்கள் கையிலிருந்து கூட்டலையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டன. இது படிப்பதையும் வரைவு எழுதுவதையும் எடுத்துக்கொள்கிறது. கடன் கேட்பவரின் கணக்கு அறிக்கையைப் படித்துச் சுருக்குவது, கடன் குறிப்பு எழுதுவது, புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதுவது, ஆவணத்தில் என்ன குறை என்று பார்ப்பது போன்ற வேலைகள் இவை. அதாவது, புதிதாகச் சேர்ந்த அதிகாரிக்கு முதல் மூன்று வருடம் கொடுக்கும் வேலைகள். ஐடி கம்பெனிகளில் புதியவருக்குக் கொடுக்கும் வேலைகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏஐ அதிகம் நுழையக்கூடிய வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே வேலைகளில் இருக்கும் மூத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் "புதுப் பையன்" ஞாபகம்தான் வந்தது. மறுபடியும் வாசல்தான்.

மூத்தவர்களும் முழுக்கப் பத்திரம் என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் ஐடி கம்பெனியான டிசிஎஸ் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களைப் பாதிக்கும் என்றார்கள். ஏஐ-தான் காரணமா என்பதில் வாதம் உண்டு, கம்பெனியே வேறு காரணம் சொன்னது. ஆனால் சென்னையில் எத்தனை வீடுகளில் அந்த மாதம் தூக்கம் போனது என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டால் கிடைக்குமா என்று என்னிடமே மூன்று பேர் விசாரித்தார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேகம். 1983 ஒப்பந்தத்திலிருந்து கிளைகள் எல்லாம் ஒரே வலையில் இணையக் கால் நூற்றாண்டு ஆனது. ஒரு தலைமுறை அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டது. மாற்றம் வலிக்காமல் போனதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம். இந்த முறை அவ்வளவு நாள் கிடைக்காது.

இன்னொரு கவலையும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. நான் வங்கித் தொழிலைக் கற்றது எங்கே? பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வாரம். மற்றதெல்லாம் லெட்ஜரில். ஒரு விவசாயியின் கணக்கை ஐந்து வருடம் கையால் எழுதினால், அறுவடைக்குப் பின் பணம் வரும் மாதம், பள்ளி திறக்கும் மாதம், வட்டிக்காரரிடம் மாட்டியிருக்கும் மாதம் எல்லாம் இருப்பைப் பார்த்தே தெரிந்துவிடும். பின்னால் மேலாளராகக் கடன் கொடுக்கும்போது அந்தக் கண்தான் என்னைக் காப்பாற்றியது. சலிப்பான வேலைதான் பள்ளிக்கூடமாக இருந்தது. சலிப்பான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், இருபது வருடம் கழித்து அனுபவஸ்தர் எங்கிருந்து வருவார்?

இது வெறும் பேச்சில்லை. 2000-களின் நடுவில் எங்கள் கிளையை மத்தியக் கணினியோடு இணைத்தபோது பழைய கணக்குகளையெல்லாம் மாற்றினார்கள். சில வாரம் கழித்து ஒரு பாட்டி பாஸ்புக்கோடு வந்தார். அவர் கணக்கு திரையில் இல்லவே இல்லை. கவுன்டரில் இருந்தவர் "சிஸ்டத்துல இல்லம்மா" என்றார். அடுத்த நாளும் வந்தார், அதே பதில். மூன்றாம் நாள் நான் பார்த்தேன். நான் பார்க்கப்போனது திரையை இல்லை, பதிவறையில் தூசி படிந்து கிடந்த லெட்ஜரை. கணக்கு இருந்தது. யாரோ தட்டச்சு செய்யும்போது இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிவிட்டிருக்கிறார்கள், பெயரும் வேறு எழுத்தில் ஏறியிருந்தது. பாட்டியின் பணம் பத்திரமாக, வேறொரு எண்ணில் கிடந்தது. "திரையில் இல்லை என்றால் எங்கேயாவது இருக்கும்" என்று சந்தேகப்பட எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அந்த 270 ரூபாய். சொல்லிக்கொடுத்த ஹெட் கிளார்க் அப்போது கிளையில் இல்லை. 2001-இல் விருப்ப ஓய்வில் போய்விட்டார். இயந்திரம் வந்த பிறகு அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது. ஓய்வு பெறும் நாளில் தன் பேனாவையும் தடிமனான ரூல் தடியையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவரை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை, உண்மைதான். அவருக்கு நடந்ததற்கு ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

எந்த வேலை நிற்கும் என்று கேட்பீர்கள். கிளையிலேயே ஒருவரைக் காட்டுகிறேன், நகை மதிப்பீட்டாளர். நம் ஊர்க் கிளைகளில் பாதிக் கூட்டம் நகைக்கடனுக்குத்தான். அவர் நகையை உரைகல்லில் தேய்த்து அமிலம் வைத்துப் பார்ப்பார். அதற்கு முன்பே கையில் ஏந்திப் பார்ப்பார். உள்ளே அரக்கு இருக்கிறதா, கல்லுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், பற்றவைத்த இடத்தில் நிறம் மாறுகிறதா என்று விரலுக்குத் தெரியும். இதற்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் வந்துவிட்டது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை. கனமாகத் தங்க முலாம் பூசிய நகை அதை ஏமாற்றிவிடலாம். அதைவிட முக்கியம், நகை போலியாகிவிட்டால் பதில் சொல்லக் கையெழுத்துப் போட்ட ஒருவர் வேண்டும். இயந்திரத்தைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. இயந்திரம் வந்ததும் அவர் அதை வெறுக்காமல் பழகிக்கொண்டார். இயந்திரம் சொல்வதும் விரல் சொல்வதும் ஒத்துப்போகாத நகையை மட்டும் தனியாக எடுத்துவைத்து அறுத்துப் பார்க்க அனுமதி கேட்பார். இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்கத் தெரிந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறவருக்கு வேலை இருக்கும். இயந்திரம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டுமே தெரிந்தவர் எந்த நாற்காலியில் இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

இப்போது உங்கள் மகள். தேர்வை எழுதட்டும். கிளார்க் நிலைத் தேர்வுக்கு 28 வயது வரைக்கும் இடம் உண்டு, ஆனால் அதுவரை அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். படிப்பு முடிந்து இரண்டு வருடம் என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் செய்த தவறு தேர்வுக்குப் படித்தது இல்லை, அந்த நான்கு வருடமும் வேறு எதுவும் கற்காமல் இருந்தது. அந்த இரண்டு வருடமும் காலையில் படிக்கட்டும், பகலில் உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகத்திலோ ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் இடத்திலோ சேரட்டும். சம்பளம் சொற்பமாகத்தான் கொடுப்பார்கள். பரவாயில்லை. அங்கே எண்ணெய்க் கறை படிந்த நிஜ பில் வரும், பொய் பில்லும் வரும். முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு அடுத்தபடியாக, சொல்லப்போனால் சம்பளத்துக்கு முன்பாகவே, "நான் தப்புச் செய்தால் திருத்த அங்கே யாராவது இருக்கிறார்களா" என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத இடத்தில் மூன்று வருடம் இருந்தாலும் ஒன்றும் ஏறாது.

ஏஐ-யைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கட்டாயம் பழகட்டும். முதலில் தானே ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, பிறகு அதனிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அது தப்பாகச் சொல்லும் இடத்தைக் கண்டுபிடிக்கும் நாளில் அவளுக்கே தைரியம் வந்துவிடும். தமிழை விட்டுவிட வேண்டாம். கிளார்க் நிலைத் தேர்வில் அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. கடனைக் கட்ட முடியாமல் எதிரே உட்கார்ந்து தலை குனிந்திருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் கிளைகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த இடத்துக்கு ஆள் தேவை இன்னும் நிறைய நாள் இருக்கும்.

இந்த வாரமே அவள் தொடங்க ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பாஸ்புக்கை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக வட்டி வரவான காலாண்டுக்கு ஒவ்வொரு நாள் இருப்பையும் ஒரு தாளில் எழுதி, கூட்டி, வட்டி விகிதத்தால் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் அந்தக் காலாண்டு வட்டி வரும். வங்கி வரவு வைத்த தொகையோடு ஒப்பிடட்டும். முதல் தடவை அநேகமாக ஒத்துவராது. தாளைத் தூக்கிப் போட வேண்டாம். எழுதிய இருப்புகளைப் பாஸ்புக்கோடு வரிவரியாகத் தட்டிப் பார்க்கட்டும். எங்காவது ஒரு தொகை மாறியிருந்தால், அந்த வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.